சோழவரத்தில் இரண்டே வருடம் ஓட்டியவர்கள்

கேள்வி, 3 செப்டம்பர் 2024

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவு கார் ரேஸைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. என் அப்பா சோழவரம் ரேஸில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் ஓட்டினாராம். எழுபதுகளில், இரண்டு வருடம். சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் ஒரு சின்னக் கோப்பை இருக்கிறது, எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. தேடினால் பெரிய பெயர்கள்தான் கிடைக்கின்றன, அப்பா பெயர் எங்கும் இல்லை. அவர் கதை விட்டாரா? இப்படி ஒன்றிரண்டு வருடம் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்களை யாருக்காவது நினைவிருக்கிறதா?

பதில், 3 செப்டம்பர், இரவு

கதை விட்டிருக்க மாட்டார். ஏன் சொல்கிறேன் என்றால் எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், என் தாய்மாமா. 1977, 78 இரண்டு வருடமும் சோழவரத்தில் ஃபியட் ஓட்டினார். ஒரு வருடம் இரண்டாவதாக வந்து கோப்பை வாங்கினார். அப்போது எனக்கு எட்டு வயது. வேலியோரம் பெரியப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன்.

பெயர் இல்லாததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஜெயித்தவர்கள் பெயரே பாதி இல்லை.

4 செப்டம்பர்

நேற்று அவசரத்தில் எழுதினேன். சோழவரம் என்றால் இன்றைய பையன்களுக்கு ஏரிதான் தெரியும், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

செங்குன்றம் தாண்டி கல்கத்தா நெடுஞ்சாலையில் போனால் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. போர் முடிந்து அது சும்மா கிடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்த ஆரம்பித்தது. ரேஸுக்கென்று கட்டிய தடம் இல்லை. நீளமான கான்கிரீட் பட்டையில் டிரம்மும் வைக்கோல் கட்டும் வைத்து, இங்கே திரும்பு, அங்கே திரும்பு என்று காட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். கல்கத்தாவில் பாரக்பூர், பம்பாயில் ஜூஹு, அங்கேயும் விமான ஓடுதளங்களில்தான் ஓட்டினார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் ரேஸ் வேண்டுமென்றால் வெள்ளைக்காரன் விட்டுப்போன ரன்வே வேண்டும்.

பொங்கல் முடிந்து வெயில் ஏறுவதற்குள் ரேஸ் வரும். சனிக்கிழமை பிராக்டிஸ், ஞாயிறு ரேஸ். சவுக்குக் கழி கட்டிய கேலரி. மேலே ஏறினால் மொத்தமும் ஆடும். நிழல் கிடையாது. கான்கிரீட்டின் சூடு கீழேயிருந்து வரும், வெயில் மேலேயிருந்து வரும். இதற்கு நடுவில் ஒரு வாசனை. ரேஸ் பைக்குகளில் ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள். அது எரியும்போது வரும் மணத்தை ஒரு தடவை மோந்தவனுக்கு மறக்காது. எங்கள் பாட்டி மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு யெஸ்டி பைக் நினைவுதான் வரும். நினைவு இனித்தாலும் எண்ணெய் கசந்தது.

4 செப்டம்பர், இன்னும் கொஞ்சம்

வண்டியைப் பற்றி எழுதாமல் விட்டேன். அதுதான் முக்கியம்.

மாமாவுக்குச் சொந்தமாக கார் கிடையாது. அது தாத்தாவின் ஃபியட் 1100, கடல்நீல நிறம், கியர் ஸ்டியரிங் பக்கத்தில். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய வண்டி. அன்றைக்கு ஃபியட் கிடைப்பது பெண்ணுக்கு வரன் கிடைப்பதைவிடக் கஷ்டம். அந்த ஒரே வண்டியை வெள்ளிக்கிழமை இரவு புதுப்பேட்டை மெக்கானிக் கடைக்கு ஓட்டிப்போய், பம்பரைக் கழற்றி, வீல் கப்பைக் கழற்றி, பின்சீட்டைத் தூக்கி வெளியே வைத்து, ஹெட்லைட் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக பிளாஸ்திரி ஒட்டி (உடைந்தால் தடத்தில் சிதறக்கூடாது), கதவில் நம்பர் எழுதி, ஞாயிறு ரேஸ் ஓட்டி, இரவோடு இரவாக எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, திங்கள் காலை எட்டரைக்கு தாத்தா ஆபீஸ் போக வாசலில் நிறுத்த வேண்டும்.

தாத்தாவுக்குத் தெரியாமல் நடந்தது என்பது குடும்பத்தில் எல்லோரும் சொல்வது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாட்டி கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போகக் கிளம்பி, வண்டி எங்கே என்று கேட்க, "சர்வீஸுக்கு விட்டிருக்கு" என்றார் மாமா. "அப்போ பின்சீட் ஏன் மாடி ரூம்ல இருக்கு?" என்றார் பாட்டி.

என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை லேத்தில் கொடுத்து ஒரு நூல் ஃபேஸிங் செய்வார்கள், அதாவது சீவுவார்கள். கம்ப்ரஷன் ஏறும். காற்று போய்வரும் வழியான போர்ட்டை அரத்தால் ராவி வழவழப்பாக்குவார்கள். சைலன்சரைக் கழற்றுவார்கள், அது பவருக்குப் பாதி, சத்தத்துக்குப் பாதி. காசிருந்தவர்கள் இரட்டைக் கார்புரேட்டர் போட்டார்கள். மாமாவுக்குக் காசில்லை. ஃபேஸிங் செய்த ஹெட்டைத் திங்கட்கிழமை திரும்ப மாற்ற முடியாதே என்று இப்போதுதான் தோன்றுகிறது. அதற்கப்புறம் தாத்தா அந்த ஹெட்டோடுதான் ஆபீஸ் போயிருக்கிறார்.

6 செப்டம்பர்

"இது அமெரிக்க ஸ்டாக் கார் மாதிரியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆரம்பத்தில் அதேதான். ஷோரூமில் வாங்கிய காரை அப்படியே ஓட்டுவதுதான் ஸ்டாக் கார். பிறகு அவர்கள் உள்ளே குழாய்க்கூண்டு கட்டி, மேலே மட்டும் கார் மாதிரி தகடு போர்த்திக்கொண்டார்கள், அது வேறு கதை.

அமெரிக்க ஸ்டாக் கார் ரேஸ் அமைப்பான நாஸ்கார் நடத்திய முதல் ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக் போட்டி 1949 ஜூன் 19, சார்லட் நகரத்தில், முக்கால் மைல் மண் தடத்தில், 200 சுற்று. முதலில் வந்தவர் க்ளென் டனவே, பழைய ஃபோர்டில். சோதித்தபோது பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தது தெரிந்தது. அது கள்ளச்சாராயம் ஏற்றும் வண்டி. சாராயம் ஏற்றினாலும் பின்பக்கம் தொங்காமல் இருக்கச் செய்த வேலை, ரேஸில் வளைவுக்கும் உதவியிருக்கிறது. தகுதிநீக்கம். இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். கான்சாஸ்காரர், லிங்கன் காரில் வந்தவர். ஒரு பத்திரிகைப் படக்கதையில் அந்த ரேஸைப் பற்றி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாராம். அவர் நாஸ்காரில் ஓட்டியது அந்த ஒரே ரேஸ்தான். வரலாற்றின் முதல் ஜெயிப்பு, அத்தோடு சரி.

6 செப்டம்பர், அரை மணி கழித்து

தப்பு. ரோப்பர் இரண்டு ரேஸ் ஓட்டினார், அதே வருடத்தில் இன்னொன்று. ஒரே ஒரு ரேஸ் ஓட்டி அதையும் ஜெயித்தவர் மார்வின் பர்க். 1951, கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட். ஒன்றுக்கு ஒன்று, நூற்றுக்கு நூறு! இந்தக் கணக்கில் பார்த்தால் நாஸ்காரின் பெரிய பெயரான ரிச்சர்ட் பெட்டியெல்லாம் இவருக்குக் கீழேதான், இருநூறு ஜெயித்தும் ஆயிரத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறாரே.

அங்கே ஒரு ரேஸ் ஓட்டியவனுக்கும் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது. எத்தனையாவது கிளம்பினான், எத்தனையாவது முடித்தான், எதனால் நின்றான், எல்லாம். நமக்கு மாடி ரூமில் ஒரு பின்சீட் நினைவுதான் இருக்கிறது.

9 செப்டம்பர்

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் அப்பா ஹெரால்ட் ஓட்டினார் என்றால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

அது நம் ஊர் கார். மெட்ராஸில் செய்தது. 948 சிசி. முன்பக்கம் பானட் மட்டும் திறக்காது, விளக்கு மட்கார்டு எல்லாம் சேர்ந்து மொத்த மூக்கும் முன்னால் சாயும். முன்டயர்மேல் உட்கார்ந்து என்ஜின் வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகளுக்கு அதனால் அது செல்லம்.

சிக்கல் பின்பக்கத்தில். ஃபியட்டில் பின் ஆக்சில், அதாவது சக்கர அச்சு, ஒரே கட்டை. ஹெரால்டில் ஆக்சில் இரண்டு துண்டு, டிஃபரன்ஷியல் பக்கத்தில் கீல் வைத்த மாதிரி ஒவ்வொன்றும் தனியாக ஏறி இறங்கும். நேராகப் போகும்போது சுகம். வளைவில் வேகமாக நுழைந்து, பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் தூக்கும், வெளிச் சக்கரம் காரின் அடியில் மடங்கும். கணுக்கால் பிசகினவன் மாதிரி. அப்புறம் கார் எங்கே போகும் என்பது காருக்கே தெரியாது. ஆகவே ஹெரால்ட் ஓட்டுபவன் பயந்தாலும் காலை எடுக்கக்கூடாது. பயத்தோடு மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் அப்பா இரண்டு வருடம் அதைச் செய்தார் என்றால் கோப்பை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

ஃபியட்டின் கஷ்டம் வேறு. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மூன்றாவது சுற்றுக்கு மேல் சூடாகி, பெடல் தரைக்குப் போய்விடும். மாமா சொல்வார்: "மொதல் ரெண்டு ரவுண்டு பிரேக்கால ஓட்டணும், மிச்சத்த கியரால ஓட்டணும், கடைசி ரவுண்டு சாமிதான் ஓட்டும்."

9 செப்டம்பர்

எவ்வளவு வேகம் என்று கேட்கிறவர்களுக்கு: 100 மைல்.

10 செப்டம்பர்

சரி சரி, 100 மைல் போயிருக்காது. 1089 சிசி, நாற்பது குதிரைத்திறன் சொச்சம். மாமா சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். அவரிடமே திரும்பக் கேட்கிறேன்.

15 செப்டம்பர்

ஏன் நிறுத்தினார்கள்? இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. யாரும் பயந்து நிறுத்தவில்லை. கல்யாணம் ஆனது, வேலை மாற்றலானது, அப்பா காரை விற்றார், தங்கைக்கு வரன் வந்தது. திறமை தீர்ந்துபோய் நிறுத்தியவன் ஒருவனும் இல்லை. எங்கள் மாமாவை மாமி வீட்டில், ரேஸ் ஓட்டுகிற பையனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொல்லி நிறுத்தினார்கள்.

15 செப்டம்பர், இரவு

மேலே எழுதியதை மாமியிடம் போனில் படித்துக் காட்டினேன். "யாரு சொன்னது? எங்கப்பா அதுக்காகத்தான் சம்மதமே சொன்னார், பையன் தைரியசாலின்னு. நிறுத்துனது இவரேதான். டயர் வாங்கக் காசில்ல. அதுக்கு என் தலையில பழியா?"

டயர் விஷயம் நம்பும்படி இருக்கிறது. பழைய ரன்வே கான்கிரீட் உப்புத்தாள் மாதிரி. இரண்டு நாளில் நாலு டயரும் வழுக்கை. தாத்தா டயர் கடைக்காரரிடம் போய் ஒரு வருடத்தில் இப்படித் தேயுமா என்று சண்டை போட்டதாக அம்மா சொல்வாள். பாவம் கடைக்காரர்.

18 செப்டம்பர்

பயந்து நிறுத்தவில்லை என்று எழுதினேன் அல்லவா, மூன்று நாளாக அது உறுத்துகிறது.

ஒரு கார் கவிழ்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கார் என்று சொல்லமாட்டேன், குடும்பத்தார் படிக்கலாம். வளைவில் வைக்கோல் கட்டை ஏறி, ஒரு பக்கமாக மெதுவாகச் சாய்ந்து, கூரைமேல் நின்றது. சக்கரம் நாலும் சுற்றிக்கொண்டிருந்தன. கூட்டம் முழுவதும் எழுந்தது. கேலரி ஆடியது. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாக ஒரு ஆள் ஊர்ந்து வெளியே வந்தார். எழுந்து நின்றார். உடனே குனிந்து புல்லில் எதையோ தேட ஆரம்பித்தார். மூக்குக்கண்ணாடி. அதைக் கண்டெடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் காரைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெரியப்பா என்னைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். வீட்டுக்குப் போகும்வரை ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து ரேஸைப் பற்றி மாமாவிடம் கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை.

வேலி என்று நான் எழுதியதும் பெரிய வார்த்தை. கயிறு. பல இடத்தில் அதுவும் இல்லை. நாங்கள் நின்ற இடத்தை இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. என் மகனை அங்கே நிற்க விடமாட்டேன். இருந்தாலும் அந்த நாளை யாராவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள வந்தால் கொடுக்கவும் மாட்டேன்.

22 செப்டம்பர்

இலங்கை நண்பர் ஒருவர் நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியை நினைவுபடுத்தினார். 1934-லிருந்து நடப்பது. ஒருவர் பின் ஒருவராக மலையேறி நேரம் பார்ப்பது. தன் பெரியப்பா ஒரே ஒரு தடவை மொரிஸ் மைனர் காரில் ஏறினார் என்றும், பாதியில் ரேடியேட்டர் கொதித்து, மீதியைத் தள்ளிக்கொண்டு போனார் என்றும் எழுதியிருக்கிறார். தள்ளிய நேரத்தையும் குறித்தார்களா என்பதுதான் என் கேள்வி.

2 அக்டோபர்

அம்மாவிடம் கோப்பையைத் தேடச் சொல்லியிருந்தேன். பரணில் பித்தளைக் குத்துவிளக்கோடு கிடந்ததாம். புளி போட்டுத் துலக்கியிருக்கிறாள். புளிக்கு முலாம் கொஞ்சம் போய், எழுத்து நன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

மூன்றாம் பரிசு. இரண்டாவது இல்லை. வருடம் 1978.

ஆக நான் முதல் நாள் எழுதியதில் 77 தப்பு, இரண்டாம் இடம் தப்பு, எட்டு வயதும் தப்பு, ஒன்பது. பெரியப்பா தோள் மட்டும் சரி. ஒன்பது வயதுப் பையனைத் தோளில் தூக்கினாரா என்றால், நான் ஒல்லி.

கேள்வி கேட்டவரே, உங்கள் கோப்பைக்கும் புளி முயற்சி செய்யாதீர்கள். முலாம் போகும். வெறும் துணியால் துடைத்து, சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்துப் பாருங்கள்.

2 அக்டோபர்

மூன்றாம் பரிசு என்றதும் எத்தனை கார் முடித்தன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதைத்தான் நானும் யோசித்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

20 அக்டோபர்

புதுப்பேட்டை போனேன். மாமாவின் வண்டியைத் தயார் செய்த மெக்கானிக் பாய் இன்னும் இருக்கிறார். கடை மகனுடையது. இவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போகிற வண்டிகளின் சத்தத்தைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமா பெயரைச் சொன்னதும் சிரித்தார்.

"ரெண்டு வருசமா? ஒரு வருசம்தான் தம்பி ஓட்டுனாரு. அடுத்த வருசம் சனிக்கெழம பிராக்டிஸ்லயே பேரிங் அடிச்சு என்ஜின் ஜாம் ஆயிடுச்சு. ஞாயித்துக்கெழம பூரா வேற ஒருத்தருக்கு ஸ்டாப்வாட்ச் புடிச்சிட்டு நின்னாரு. ராத்திரி கயிறு கட்டி இழுத்துட்டு வந்தோம். விடிய விடிய என்ஜின எறக்கி ஏத்துனேன். காலைல எட்டரைக்கு வண்டி குடுத்தாவணுமே."

நான் மூன்றாம் பரிசைச் சொன்னேன். தலையாட்டினார். எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்: "அஞ்சு. ரெண்டு பேரு அவருக்குப் பின்னாடி வந்தாங்க. கேக்க வந்தது அதானே?"

அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தக் குறிப்பை எழுதவைத்தது. புதிதாகக் கட்டிய என்ஜினை ரன்னிங்-இன் செய்ய வேண்டும், அதாவது கொஞ்ச தூரம் ஓட்டிப் பழக்க வேண்டும். அதற்கு மாமாவுக்கு நேரம் இல்லை, ஆபீஸ். எனவே விடிகாலை நாலு மணிக்கு பாய்தான் வண்டியை எடுத்துக்கொண்டு செங்குன்றம் ரோட்டில் போய் வருவார். சனிக்கிழமை பிராக்டிஸ் தொடங்குவதற்கு முன்னால் யாரும் இல்லாத ரன்வேயில் இரண்டு சுற்று. "உங்க மாமா நல்லா ஓட்டுவாரு. ஆனா அந்தக் கடைசி வளைவுல மூணாவது கியர்ல வுடுவாரு. அது ரெண்டாவது கியர் வளைவு. சொன்னேன், கேக்கல."

நீங்கள் வேகமா, அவர் வேகமா என்று கேட்டேன். ஸ்டூலிலிருந்து எழுந்து உள்ளே போய் டீ சொல்லிவிட்டு வந்தார். வந்ததும் வேறு பேச்சு.

20 அக்டோபர், இரவு

இதை அப்படியே விட முடியவில்லை.

அமெச்சூர் என்ற வார்த்தையை நாம் பாசமாகச் சொல்கிறோம். காசுக்காக இல்லாமல் ஆசைக்காக ஓட்டியவர்கள். சரி. ஆனால் ஆசைக்காக ஓட்ட ஒரு கார் வேண்டும், அல்லது காருள்ள அப்பா வேண்டும். லைசென்ஸ், நுழைவுக்கட்டணம், ஹெல்மெட். பைக்கில் கொஞ்சம் இடம் இருந்தது. மெக்கானிக்குகள் பைக்கில் ஏறி நல்ல பெயர் வாங்கியிருக்கிறார்கள், டிவிஎஸ் மாதிரி கம்பெனிகள் டீம் வைத்த பிறகு அது ஒரு வழியாகவும் ஆனது. கார் என்றால் சொந்தக்காரன்தான் டிரைவர். பாய் இரண்டு சுற்று ஓட்டியதற்குக் கோப்பையும் இல்லை, நம்பரும் இல்லை. பார்க்கவும் ஆள் இல்லை.

கேள்வி கேட்டவர் அப்பா பெயர் பட்டியலில் இல்லையே என்று வருத்தப்பட்டார். எனக்கும் மாமா விஷயத்தில் அதே வருத்தம்தான். ஒன்றரை மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்தேன், பாய் என் கணக்கிலேயே இல்லை.

5 நவம்பர்

"இப்போதெல்லாம் யாரும் இப்படி ஓட்டுவதில்லையா?" ஓட்டுகிறார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது, மூன்றேமுக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2003-இல் கரி மோட்டார் ஸ்பீட்வே. அந்தப் பெயருக்குரிய கரிவர்தன் சோழவரத்தில் வளர்ந்தவர்தான். மாருதி என்ஜின் போட்டு ஃபார்முலா கார் செய்து, பணக்காரன் அல்லாதவனும் ஓட்ட வழி செய்தார். 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். அந்த வரிசையிலிருந்துதான் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் போனார்.

எல்லாம் நல்லது. கூண்டு இருக்கிறது, தீயணைப்பு வண்டி இருக்கிறது, வேலி வேலியாகவே இருக்கிறது. ஆனால் ஞாயிறு ரேஸ் ஓட்டிய காரை யாரும் திங்கட்கிழமை ஆபீஸுக்கு எடுத்துப்போவதில்லை.

12 ஜனவரி 2025

கன்னிமாரா நூலகத்தில் ஒரு முழுநாள். பழைய நாளிதழ் தொகுப்புகள். தாள் தொட்டால் உதிர்கிறது. ஒரு ஆங்கில நாளிதழில் திங்கட்கிழமை விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில், ஹாக்கிக்கும் கிரிக்கெட்டுக்கும் கீழே, ரேஸ் முடிவுகள். ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று பெயர். மூன்றாவது பெயர் மாமாவுடையது, இனிஷியல் தப்பு. தாத்தா பெயரின் எழுத்துக்குப் பதில் வேறு எழுத்து.

மாமாவிடம் சொன்னேன். "தெரியும்டா. தப்பா குடுத்ததே நான்தான். உங்க தாத்தா தினம் காலைல பேப்பர் ஒரு வரி விடாம படிப்பார்."

கேள்வி கேட்டவரே, இதனால்தான் சொல்கிறேன், உங்கள் அப்பாவைச் சரியான பெயரில் தேடாதீர்கள். கொஞ்சம் தப்பான பெயரில் தேடிப் பாருங்கள்.

14 ஜனவரி

பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போனேன். வேகம் எவ்வளவு என்பதை நேரிலேயே கேட்டுவிட்டேன், இங்கே ஐந்து பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

"யாருக்குத் தெரியும்?" என்றார்.

100 மைல் என்று சொன்னீர்களே மாமா.

"அது சும்மா. ஸ்பீடாமீட்டர் கேபிளையே கழட்டிவிட்டுட்டோம்டா. கிலோமீட்டர் ஏறினா உங்க தாத்தா கண்டுபிடிச்சிடுவாரே. வீட்டுத் தெரு முனையில கழட்டுவேன், திங்கக்கெழம காலைல மாட்டுவேன். முள்ளு ரெண்டு நாளும் சைபர்லயே நிக்கும்."

ஆக அதிகாரபூர்வமான பதில்: ரேஸ் முழுக்க மணிக்கு சைபர் கிலோமீட்டர்.

19 ஜனவரி

இதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன் என்று மாமியிடம் சத்தியம் செய்திருக்கிறேன். ஆனால் இது ஒன்று.

தாத்தா பெட்ரோல் கணக்கு எழுதிய நோட்டு அம்மாவிடம் இருந்தது. கறுப்பு அட்டை, நீள நோட்டு. தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய். ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார். பிப்ரவரிகளை மட்டும் புரட்டினேன்.

1978-இல் ஒரு வெள்ளிக்கிழமை இருந்த கிலோமீட்டரே திங்கட்கிழமையும் இருக்கிறது. அடுத்த வருடம் பிப்ரவரியிலும் அதேபோல ஒரு வெள்ளி, ஒரு திங்கள், ஒரே எண். ஆக மாமா இரண்டு வருடம் என்றதும் சரி, பாய் ஒரு வருடம் என்றதும் சரி. மாமா போன வருடங்களை எண்ணினார், பாய் ஓடிய ரேஸை எண்ணினார்.

79-இன் அந்தத் திங்கட்கிழமை வரிக்கு எதிரே, ரூபாய்க்கு அப்பால் ஓரத்தில், பென்சிலில் தாத்தாவின் கையெழுத்து:

"கேபிள் மாட்ட மறந்திருக்கிறான். மாட்டினேன்."